கால் இழந்த நாயை வீட்டில் தேற்றுவது எப்படி? – வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் நாய்க்கு ஆறு வயது, எடை 34 கிலோ. சென்ற மாதம் புதுச்சேரி சாலையில் வண்டி மோதியதில் அதன் இடது முன்னங்கால் செயலற்றுப் போயிற்று. எலும்பு முறியவில்லை, ஆனால் நரம்பு பிய்ந்துவிட்டது என்றார்கள். காலை இழுத்து இழுத்து நடந்ததில் பாதத்தின் மேற்புறம் தேய்ந்து புண்ணாகிவிட்டதால், ஐந்து நாட்களுக்கு முன் தோள்பட்டையோடு சேர்த்துக் காலை எடுத்துவிட்டார்கள். இப்போது தையலுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில் பை போல வீங்கித் தொங்குகிறது. இரவில் முனகுகிறான். டைல்ஸ் தரையில் எழுந்தாலே வழுக்கி, மூக்கு இடிபட விழுகிறான். தையலில் மஞ்சள் பூசச் சொல்கிறார் என் மாமியார். இப்படி வைத்துக்கொண்டு வதைப்பதைவிட ஊசி போட்டு அனுப்பியிருக்கலாமே என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். நாங்கள் செய்தது சரிதானா? இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் செய்தது சரிதான், அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வண்டி மோதும் வேகத்தில் முன்னங்கால் உடலைவிட்டு விலகி இழுபடும்போது, கழுத்தின் அடியில் முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்டுக் காலுக்கு வரும் நரம்புக் கற்றை வேரோடு பிய்ந்துவிடுவதுண்டு. அப்படிப் பிய்ந்த நரம்பு திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. உணர்ச்சியற்ற பாதம் தரையில் உரசிப் புண்ணாகும். புண் எலும்பு வரை இறங்கும். சில நாய்கள் அந்தப் பாதத்தைத் தாமே கடித்துக் குதறிக்கொள்ளும். அந்தக் காலை வைத்திருப்பதுதான் வதை. ஊசி போடச் சொல்பவர்கள், அறுவை முடிந்த ஐந்தாம் நாளில் நாயைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். மயக்க மருந்தின் அசதியும், வலி மருந்தின் மந்தமும், உடலின் சமநிலை குலைந்த திகைப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நாட்கள் இவை. தீர்ப்பு சொல்ல இவற்றைவிட மோசமான சமயம் இல்லை. பெரும்பாலான நாய்கள் ஒரு மாதத்திற்குள் மூன்று காலில் தம் போக்கில் நடமாடக் கற்றுக்கொள்கின்றன. கால் போனதற்காக அவமானப்படுவதோ, மற்றவர்கள் பார்வைக்குக் கூசுவதோ நாய்க்குக் கிடையாது. அந்தத் துயரம் முழுவதும் வீட்டாருடையது. வீட்டார் அழுதால் நாய் குழம்பும் என்பதால், அதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

தொங்கும் வீக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோள்பட்டையோடு காலை எடுக்கும்போது தோலுக்கும் தசைக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. அதில் ஊறும் நீர், நாய் நிற்கும்போது தாழ்வான பக்கம் இறங்கி, நீங்கள் எழுதியபடி மார்போரத்தில் பையாகத் தொங்கும். தொட்டால் மெத்தென்று ஆடி, சூடோ சிவப்போ இல்லாமல் இருந்தால் அஞ்ச வேண்டாம்; இரண்டு மூன்று வாரங்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி நீரை எடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். ஊசி போகும் வழியே கிருமியும் போகும், பல சமயம் நீர் மறுநாளே திரும்ப ஊறிவிடும். வயிற்றுப்புறம் வரை பரவும் கருநீலக் கன்றலும் இயல்பானதுதான். அது பச்சையாகி, மஞ்சளாகி மறையும். ஆனால் வீக்கம் கல் போல இறுகினாலும், கொதித்தாலும், சில மணி நேரத்தில் இரு மடங்கானாலும், தையல் வழியே சீழோ துர்நாற்றமோ வந்தாலும், ஈறு வெளுத்துப் போனாலும், நாய் இரண்டு நாள் முழுக்க உணவைத் தொடாமல் கிடந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலம் கழிக்க மூன்று நான்கு நாள் தாமதமாவது வலி மருந்தின் விளைவாக இருக்கலாம். சிறுநீர் ஒரு நாள் முழுக்கப் போகவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது.

இரவு முனகலுக்குப் பெரும்பாலும் வலிதான் காரணம். பகலில் வீட்டின் சந்தடியில் மறந்திருக்கும் வலி, விளக்கணைத்த பின் தெரிகிறது. அறுவை செய்த மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நேரம் தவறாமல், சாப்பாட்டோடு கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ‘நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு மருந்து’ என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடும் வீடுகளைப் பார்த்து அலுத்துவிட்டேன். கொடுத்தும் முனகினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெலோக்ஸிகாம் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்தோடு, நரம்பு வலிக்கான காபாபென்டினையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மனித மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். ஐபுபுரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு மீறிய பாரசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். மனிதர்களுக்கான சில இனிப்பு மருந்து நீர்களில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்திருக்கும். அது நாய்க்கு நஞ்சு. மருந்து கொடுத்துவரும்போது வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

உங்கள் மாமியாரிடம் மஞ்சள் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. தையலில் அப்பிக் காய்ந்தால், அடியில் சீழ் கட்டுவதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. தையல் இருக்கும் 10 முதல் 14 நாட்கள் வரை அந்த இடம் உலர்ந்து, காற்றாட, நாக்கு படாமல் இருந்தாலே போதும். நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாய் நாக்கு ஒரே இரவில் நாலு தையலைப் பிரித்துவிடும் என்பதுதான் நடைமுறை. எனவே கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைச் சாப்பாட்டு நேரம் தவிரக் கழற்றாதீர்கள். இது ஐப்பசி மழைக் காலம். கடலூரில் துவைத்த துணி காய்வதே பெரும்பாடாக இருக்கும்போது, ஈரப் படுக்கையும் ஈயும் சேர்ந்தால் புண்ணில் புழு வைத்துவிடும். படுக்கையின் மேல் பழைய பருத்தி வேட்டியை விரித்து நாள்தோறும் மாற்றுங்கள். நாயை நனைந்த திண்ணையில் கட்டாதீர்கள். ஈ மொய்க்கும் நேரத்தில் மின்விசிறியை ஓடவிடுங்கள். தையலோரம் சிறு துளையும் அதில் நெளிவும் தெரிந்தால், மண்ணெண்ணெய், பினாயில் என்று எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: உங்கள் டைல்ஸ் தரை. நாய் தன் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. உங்கள் 34 கிலோ நாயின் ஒவ்வொரு முன்னங்காலும் இதுவரை 10 கிலோ அளவில் சுமந்தது. இப்போது மிச்சமிருக்கும் ஒற்றை முன்னங்கால் 15 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அந்தக் காலை உடலின் நடுக்கோட்டுக்கு நகர்த்தி, தலையை ஏற்றி இறக்கி, தத்தித் தத்தி நடக்கப் பழகும். அந்தப் பழக்கம் படிவதற்குள் தரை வழுக்கினால், மூக்கு இடிபடுவதோடு போகாது. மிச்சமுள்ள தோள் சுளுக்கிக்கொள்ளும். அதைவிட, எழுந்திருக்கவே பயந்துவிடும். ‘எழ மாட்டேன் என்கிறான்’ என்று கொண்டுவரப்படும் நாய்களில் பல, சொரசொரப்பான சிமென்ட் தரையில் இறக்கிவிட்ட மறுகணமே எழுந்து நடந்துவிடும். ஆகவே படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு, அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மண் தரைக்கு என்று ஒரு பாதை போல ரப்பர் விரிப்போ, யோகாவுக்கு விற்கும் பாயோ போடுங்கள். சாக்கும் கோரைப்பாயும் டைல்ஸ் மேல் தாமே வழுக்கிக்கொண்டு ஓடும், அவற்றை நம்பாதீர்கள். நகத்தை ஒட்ட நறுக்கி, விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரித்துவிட்டால், பாதத்தின் மெத்தைப் பகுதி தரையைப் பற்றிக்கொள்ளும். மாடிப்படியைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். முன்னங்கால் இழந்த நாய் ஏறுவதைச் சமாளித்துவிடும். இறங்கும்போதுதான் தலைகுப்புற விழும்.

சாப்பாட்டுச் சட்டியை மார்பு உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள்; தரையில் இருக்கும் சட்டியில் வாய் வைக்கக் குனியும்போது இன்னும் அதிக எடை அந்த ஒற்றைக் காலில் போய் நிற்கும். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தையல் ஆறிய பின் மார்பைச் சுற்றி மாட்டும், முதுகில் கைப்பிடி உள்ள பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அகலமான துண்டை மார்புக்கு அடியில், தையலில் உரசாதபடி கொடுத்து, நாய் தடுமாறும் நொடியில் மட்டும் தாங்குங்கள். நடப்பது அதன் வேலை, விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. மலம் கழிக்க உட்காரும்போது முதல் சில நாட்கள் அதற்குப் பொறுமை தேவைப்படும்; உங்களுக்கும்தான்.

தையல் பிரிக்கும் வரை, இயற்கைக் கடன்களுக்காக ஐந்து நிமிடம் கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். மூச்சிரைத்தாலோ, உட்கார்ந்துகொண்டாலோ அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: மூன்று கால் நாய்க்கு ஓடுவது எளிது, மெதுவாக நடப்பதுதான் கடினம். அதனால் அது ஓடிக் கடக்கப் பார்க்கும்; அதைக் கண்டு ‘தேறிவிட்டான்’ என்று கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது. நான்கு வாரம் வரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். மெதுவாக நடக்கவைத்தால்தான் தசைகள் வலுவாகும். காயம் முழுமையாக ஆறிய பிறகு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வந்து போன ஈர மணலில் நடத்தலாம். அது கெட்டியாகவும் இருக்கும், காலுக்கு மென்மையாகவும் இருக்கும். உலர்ந்த தளர்மணலில் கால் புதைந்து சீக்கிரம் களைத்துவிடும். கடலில் இறக்கிவிடாதீர்கள், நான்கு கால் நாயையே இழுத்துக்கொள்ளும் அலை அது. கழுத்தின் இரு பக்கத்தையும், மிச்சமுள்ள தோளையும், முதுகையும் தினமும் பத்து நிமிடம் உள்ளங்கையால் இதமாகப் பிடித்துவிடுங்கள். அதிக வேலை செய்யும் தசைகள் அங்கேதான் இறுகிக் கிடக்கும்.

லாப்ரடார் என்பதால் எடையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புண் ஆறும் இரண்டு வாரமும் முட்டை, எலும்பு நீக்கிய கோழி, மீன் என்று புரதத்தோடு வழக்கமான அளவு கொடுங்கள். அதன்பின், பரிதாபத்தில் ஊட்டும் பிஸ்கட்டும் பாலும் நெய்ச்சோறும் நிற்க வேண்டும். விலா எலும்புகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரித்த புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவது போலத் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைப் போலக் கொழுத்துத் தெரிந்தால் அதிகம். மிச்சமுள்ள மூட்டுகள் தேய்வதைத் தள்ளிப்போட, எடையைக் குறைவாக வைத்திருப்பதற்கு இணையான மருந்து எதுவும் இல்லை. மூட்டுக்கென்று விற்கும் மாத்திரைகள் அவற்றின் விலைக்கேற்ற பலன் தருவதாக நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. புண் நன்றாக ஆறி, பல வாரம் கழித்து, தூங்கிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று கத்தி எழுந்து, கால் இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்து நக்கினால், அதைப் பாசாங்கு என்றோ, கெட்ட கனவு என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். இல்லாத காலில் வலி தெரிவது மனிதர்களுக்கு இருப்பதுபோல நாய்க்கும் இருக்கக்கூடும். மருத்துவமனைக்கு வந்ததும் நாய் சாதுவாக நின்றுவிடும் என்பதால், அந்தக் காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இதற்கு மருந்து உண்டு.

கேள்வி: எங்கள் தெருவில் வளரும் பெண் நாட்டு நாய்க்கு விபத்தில் பின்னங்கால் நசுங்கி, தெருக்காரர்கள் பணம் சேர்த்துக் காலை எடுக்க வைத்தோம். ஒரு மாதமாக எங்கள் வாசலில் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. மறுபடியும் தெருவில் விடலாமா? செயற்கைக் கால் பொருத்த முடியுமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பின்னங்கால் இழந்த நாய்கள், முன்னங்கால் இழந்தவற்றைவிட விரைவாகத் தேறுகின்றன, சுமையின் பெரும்பங்கு முன்னால் இருப்பதே காரணம். அதிலும் நாட்டு நாயின் உடல் இலேசானது. ஆகவே அது ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் தெருநாயின் பிழைப்பு நடையை மட்டும் நம்பியது அல்ல. இன்னொரு நாய் பாயும்போது சட்டென்று திரும்புவதையும், வண்டி வரும்போது ஒரே தாவலில் ஒதுங்குவதையும் நம்பியது. எடுத்த காலின் பக்கமாகத் திரும்பும்போது அது தடுமாறும். உங்கள் தெரு முட்டுச்சந்தாக, எல்லோரும் அறிந்து சோறு வைக்கும் இடமாக இருந்தால், பகலில் உலவவிட்டு இரவில் உங்கள் வாசலுக்குள் அடைப்பது போதுமானது. கடைத்தெருவும் பேருந்தும் உள்ள சாலை என்றால் விடாதீர்கள். வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வைத்துக்கொள்பவரைத் தேடுங்கள். எங்கே இருந்தாலும் கருத்தடை செய்தாக வேண்டும். கருவின் சுமையை ஒற்றைப் பின்னங்காலில் தாங்கவைப்பது கொடுமை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போடுங்கள். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் அங்கே விசாரியுங்கள்.

செயற்கைக் காலைப் பற்றி: அதை மாட்டுவதற்குக் காலின் கீழ்ப்பகுதியில் போதிய நீளம் மிஞ்சியிருக்க வேண்டும். பொதுவாக, மிஞ்சும் கட்டை தரையில் இடிபட்டுப் புண்ணாகாமலிருக்க, பின்னங்காலைத் தொடையின் மேற்பகுதியிலோ இடுப்பு மூட்டிலோ எடுத்துவிடுகிறோம். அதன்பின் மாட்ட இடமில்லை. செயற்கைக் கால் வேண்டுமென்றால் அறுவைக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்துச் சக்கர வண்டி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மற்ற மூன்று கால்களும் நலமாக உள்ள நாய்க்கு அது தேவையே இல்லை.

கேள்வி: பத்து வயது ராட்வைலர் நாயின் முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருக்கிறது. எலும்புப் புற்றுநோய், காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வயதில் தாங்குமா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வயதைக் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை, மற்ற மூன்று கால்களின் நிலைதான் முடிவு செய்யும். இடுப்பு மூட்டும் முழங்காலும் ஏற்கெனவே தேய்ந்து, எழும்போதே தள்ளாடும் நாயாக இருந்தால் நானே தயங்குவேன். காலை எடுப்பதற்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் கட்டி தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் சர்வசாதாரணம். அது இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிட்டால் அறுவையின்போது இரத்தம் நிற்காது என்பதால், இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். காலை மட்டும் எடுத்தால் சராசரியாக நான்கைந்து மாதமும், புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பத்து முதல் பன்னிரண்டு மாதமும் கிடைக்கின்றன. ஆயுளைக் கூட்டுவது சிறிதுதான் என்றாலும், அந்த எலும்பின் வலி மாத்திரைக்கு அடங்காதது. கால் போனால் அந்த வலியும் போய்விடும். வலியோடு வைத்திருந்தால் ஒருநாள் அந்த எலும்பு தானே முறியும். மருந்துச் சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். மற்ற கால்களும் தளர்ந்து, நுரையீரலிலும் கட்டி தெரிந்தால், அறுவையைத் தவிர்த்துவிட்டு வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். அதுவும் வைத்தியத்தில் அடங்கியதே.

கேள்வி: எங்கள் மூன்று கால் நாயை முன்போலவே ஸ்கூட்டரின் முன்பக்கத் தளத்தில் நிற்கவைத்து அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். திருப்பத்தில் வண்டி சாயும்போது நாய் தன் உடலை எதிர்ப்பக்கம் ஊன்றித்தான் நிற்கிறது. ஊன்ற ஒரு பக்கம் கால் இல்லாதபோது, சாலையில் விழுவதற்கு ஒரு வேகத்தடை போதும். ஆட்டோவில் போங்கள். இருக்கையில் ஏற்றாமல், கால் வைக்கும் தளத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதில் படுக்கவைத்து, எடுத்த காலின் பக்கம் நீங்கள் உட்கார்ந்து முழங்காலை அணையாகக் கொடுங்கள். இறங்கும்போது நாயைத் தானே குதிக்கவிடாமல், ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி இறக்குங்கள்.